கடலுக்குப் போட்ட ஆட்கணக்கு

1989 மார்ச் 24. நள்ளிரவு தாண்டி நான்கு நிமிடம். அலாஸ்காவின் வால்டீஸ் துறைமுகத்தில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'எக்ஸான் வால்டீஸ்', மூன்று மணி நேரம்கூடக் கடலில் ஓடியிருக்கவில்லை. பிளை பாறைத்திட்டில் ஏறித் தரைதட்டியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் மது அருந்திவிட்டு வந்த கேப்டனைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் அதிகம் எழுதின. போதையில் கப்பலை இயக்கினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் பிறகு அவரை விடுவித்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

விசாரணை அறிக்கைகளில் இன்னொரு தகவல் இருக்கிறது. தரைதட்டியபோது கப்பலை இயக்கும் மேடையான பிரிட்ஜில் பொறுப்பில் இருந்தவர் தேர்டு ஆபீசர். அவருடைய வாட்ச், அதாவது காவல் முறை, இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை. பன்னிரண்டுக்கு செகண்ட் ஆபீசர் வந்து பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அவர் சரக்கேற்றும் வேலையில் களைத்துப் படுத்திருந்தார். இன்னும் சற்று நேரம் தூங்கட்டும் என்று தேர்டு ஆபீசர் தாமே நின்றுகொண்டார். அவரும் அன்று பகல் முழுக்க நன்றாக ஓய்வெடுத்தவர் அல்ல. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவில் கேப்டனை மட்டும் சுட்டவில்லை. தேர்டு ஆபீசரின் களைப்பையும் வேலைப்பளுவையும் சொன்னது; போதிய எண்ணிக்கையில், ஓய்வெடுத்த ஆட்களைக் கப்பலில் வைக்கத் தவறிய நிறுவனத்தையும் சொன்னது. முந்நூறு மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலில் கேப்டனையும் சேர்த்து இருபது பேர்.

அந்த இருபது கடலில் ஓடும் கப்பலுக்குப் போதும். முந்தைய நாள் துறைமுகத்தில் நடந்த வேலைக்குப் போதவில்லை. வணிகக் கப்பல்களின் ஆட்கணக்கு வரலாறு முழுக்க இந்த இடைவெளி தெரிகிறது என்பது என் எண்ணம்.

முதலில் வாட்ச் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் இரவிலும் ஓடுகிறது. எனவே யாராவது எப்போதும் விழித்திருக்க வேண்டும். நிலத்தில் நம் முன்னோர் இரவை யாமங்களாகப் பிரித்துக் காவல் வைத்ததும், நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொல்ல ஆள் அமர்த்தியதும் இதே தேவைக்காகத்தான். இன்றைய பெரிய கப்பலில் நாள் நான்கு நான்கு மணி நேரமாகப் பிரிகிறது. பன்னிரண்டு–நான்கு செகண்ட் ஆபீசருக்கு, நான்கு–எட்டு சீஃப் ஆபீசருக்கு, எட்டு–பன்னிரண்டு தேர்டு ஆபீசருக்கு. பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் விடுப்பு. கேட்பதற்குச் சொகுசாகவே இருக்கும்.

பாய்மரக் காலத்தில் அந்தச் சொகுசு இல்லை. ஆட்கள் இடம், வலம் என்று இரண்டே அணிகள். ஓர் அணி நான்கு மணி நேரம் மேல்தளத்தில், மற்றது கீழே. அரை மணிக்கு ஒருமுறை மணற்கடிகாரத்தைத் திருப்பி மணி அடித்தார்கள். மணி எட்டு முறை அடித்தால் அணி மாறும். ஒரே அணிக்கே தினமும் நள்ளிரவு வாய்த்துவிடக் கூடாது என்பதற்காக மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள வாட்ச்சை இரண்டிரண்டு மணியாக உடைத்தார்கள். 'நாய் வாட்ச்' என்று அதற்குப் பெயர். புயல் வந்தால் இந்த ஏற்பாடெல்லாம் காற்றில் போகும். கீழே படுத்திருக்கும் அணியையும் எழுப்பிப் பாய்களைச் சுருட்ட மேலே அனுப்புவார்கள். இரண்டு அணிகளும் சேர்ந்தால்தான் கப்பல் பிழைக்கும் என்ற கணக்கில் ஆள் எடுத்த காலம் அது. இந்தக் கூடுதல் கை பிறகு மெல்ல மெல்லக் கணக்கிலிருந்து நழுவியது.

அந்த நழுவல் நீராவிக் கப்பல்களுக்கே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பாய்மரக் கப்பலிலும் அது நடந்தது. 1902-ல் இரண்டு பெருங்கப்பல்கள் நீரில் இறங்கின. ஜெர்மனியில் கட்டிய ஐந்து பாய்மரங்கள் கொண்ட கப்பலான 'ப்ராய்சன்' ஓடச் சுமார் 45 பேர் தேவைப்பட்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கட்டிய ஏழு பாய்மரங்கள் கொண்ட கப்பலான 'தாமஸ் டபிள்யூ. லாசன்' பதினெட்டுப் பேரோடு ஓடியது. பாய் கட்டிய விதம் ஒரு காரணம். மற்றொன்று, பாய்களை இழுக்க மேல்தளத்தில் வைத்திருந்த நீராவி விஞ்சுகள். முதலாளியின் பார்வையில் இது அற்புதம். 1907 டிசம்பரில் இங்கிலாந்தின் சில்லி தீவுகளுக்கருகே புயலில் நங்கூரச் சங்கிலிகள் அறுந்து கப்பல் சிதைந்தது. பதினெட்டுப் பேரோடு, கப்பலுக்கு வழிகாட்ட ஏறிய ஒரு பைலட்டும் இருந்தார், பிழைத்தவர் இருவர். கூடுதல் ஆட்கள் இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்கும் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஆனாலும் சில்லி தீவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

நீராவிக் கப்பல் வந்தபோது ஆள் குறையவில்லை, இடம் மாறினார்கள். மேல்தளத்தில் பாய் இழுத்தவர்கள் போய், அடித்தளத்தில் நிலக்கரி அள்ளுபவர்கள் வந்தார்கள். கொதிகலனுக்குக் கரி போடுபவர் ஃபயர்மேன். கரிக் கிடங்கிலிருந்து அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுபவர் ட்ரிம்மர். இந்த வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் எந்த உடலும் தாங்காது. ஆகவே மூன்று வாட்ச் முறை முதலில் உறுதிப்பட்டது அடித்தளத்தில்தான். 1915-ஆம் ஆண்டின் அமெரிக்க மாலுமிகள் சட்டம் ஃபயர்மேன்களுக்கு மூன்று வாட்ச் கட்டாயம் என்றது. மேல்தள மாலுமிகளுக்கு இரண்டே போதும் என்றது. மேல்தளமும் மூன்றுக்கு வர 1936 ஆயிற்று. சோர்வைச் சட்டம் உடலில் பார்த்தது. கண்ணிலும் மனத்திலும் பார்க்க அதற்கு இருபது ஆண்டு பிடித்தது.

பிறகு கரி போய் எண்ணெய் வந்தது. டைட்டானிக்கின் உடன்பிறப்பான 'ஒலிம்பிக்' கப்பலை முதல் உலகப் போர் முடிந்த கையோடு எண்ணெய்க்கு மாற்றியபோது கொதிகலன் அறை ஆட்கள் 350-லிருந்து 60 ஆகக் குறைந்தார்கள். அந்த மாற்றத்தில் இன்னொரு லாபமும் இருந்தது. கரி ஏற்ற நாள்கணக்கில் துறைமுகத்தில் நின்ற கப்பல், எண்ணெயைச் சில மணி நேரத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பியது. கடலில் ஆள் குறைந்ததும் துறைமுகத்தில் நேரம் குறைந்ததும் ஒரே மூச்சில் நடந்தன. இந்த இரட்டையைப் பிரித்துப் பார்க்காமல்தான் பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டார்கள்.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் சுமார் 50,000 லாஸ்கர்கள், அதாவது ஆசிய மாலுமிகள், வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்கள். அவர்களுக்குத் தலைவன் சராங்கு. அவனுக்கு அடுத்தவன் டிண்டல். நம் கரையில் தோணித் தலைவனைக் குறிக்கும் 'தண்டல்' இதோடு உறவுள்ள சொல். சுக்கான் பிடிப்பவன் சுக்கானி. அரபும் பாரசீகமும் தமிழும் மலையாளமும் கலந்த கடல்மொழி அது. 'மாலுமி' என்ற சொல்லே அரபிலிருந்து வந்ததுதானே. ஒரே அளவுக் கப்பலுக்கு ஐரோப்பிய மாலுமிகளைவிட லாஸ்கர்களைக் கூடுதலாக ஏற்றுவது வழக்கமாக இருந்தது. வேலைத்திறன் குறைவு என்று காரணம் சொன்னார்கள். சம்பளம் பல மடங்கு குறைவு என்பதைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். ஆள் மலிவாக இருந்தால் ஆள் கூடும், விலை உயர்ந்தால் இயந்திரம் வரும். ஒரு கப்பலுக்கு எத்தனை பேர் என்பதைக் கடல் தனியாகத் தீர்மானித்ததே இல்லை.

இதற்கு ஜப்பானைப் போல நல்ல சான்று கிடையாது. 1961-ல் 'கின்காசான் மாரு' என்ற கப்பல், முதன்மை இன்ஜினை பிரிட்ஜிலிருந்தே இயக்கும் வசதியோடு வந்தது. கப்பல் தானியக்கத்தின் வரலாறு எழுதுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் இன்ஜின் அறையில் இரவுக் காவலே தேவையில்லை என்ற நிலை வந்தது. எச்சரிக்கை மணி இன்ஜினியரின் அறையில் அடிக்கும். அவர் எழுந்து ஓடுவார். இப்படி ஒரு தலைமுறைக்குள் இன்ஜின் அறை வாட்ச் பெரும்பாலும் மறைந்து, இன்ஜினியர்கள் பகல் வேலைக்காரர்கள் ஆனார்கள். மரப்பலகையும் தார்ப்பாயும் போட்டு மூடிய சரக்கறைக்கு இரும்பு மூடி வந்தது. ஒரு பட்டாளம் செய்த வேலையை இருவர் செய்தார்கள். 1980-களின் இறுதியில் ஜப்பான் வெறும் பதினொரு பேரோடு 'முன்னோடிக் கப்பல்'களை ஓட்டிக் காட்டியது. மேல்தள வேலையும் இன்ஜின் வேலையும் தெரிந்த இருதிற மாலுமிகள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் வெற்றி. ஆனால் 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியது. பதினொரு ஜப்பானியரைவிட இருபதுக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மலிவு என்று கணக்குச் சொன்னது. முதலாளிகள் கப்பலைப் பதிவு செய்யும் நாட்டை, அதாவது கொடியை, மாற்றினார்கள், ஆட்களை மாற்றினார்கள். பதினொரு பேர்க் கப்பல் அதோடு சோதனையளவில் நின்றது.

ரேடியோ ஆபீசரின் கதை இதில் தனி. டைட்டானிக் மூழ்கிய இரவில் அருகில் நின்ற 'கலிஃபோர்னியன்' கப்பலில் ஒரே ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார். உதவிக் குரலைக் கேட்க ஆளில்லை. அதன் பிறகுதான் வயர்லெஸுக்கும் இடையறாத காவல் வேண்டும் என்று உலகம் விதி செய்தது. 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் வழி அபாய அழைப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அந்தப் பதவி தேவையற்றுப் போனது. இயந்திரம் மனிதனைவிட நன்றாகக் கேட்கிறது. இதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ரேடியோ ஆபீசர் ஓய்வு நேரத்தில் பார்த்த காகித வேலைகள் அவரோடு போகவில்லை. அவை கேப்டன் மேசைக்கு வந்தன.

எண்களை ஒருமுறை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க்கால 'லிபர்ட்டி' கப்பல் சுமார் 10,000 டன் சரக்கைச் சுமந்தது. போர்வீரர்களைக் கழித்தால் மாலுமிகள் நாற்பது பேர் அளவில். 2021-ல் சூயஸ் கால்வாயை அடைத்து நின்ற 'எவர் கிவன்' ஏறத்தாழ இரண்டு லட்சம் டன் சுமக்கக் கூடியது. அதிலிருந்த இருபத்தைந்து பேரும் இந்தியர்கள். ஒரு மாலுமிக்கு 250 டன் என்றிருந்தது 8,000 டன் ஆகியிருக்கிறது.

இதைச் சாதனை என்று சொல்வதில் தவறில்லை. நடுக்கடலில் போகும் பெரிய கப்பலில் இருபது பேர் பிழியப்படுவதில்லை. மூன்று ஆபீசர்கள், நான்கு மணி வாட்ச், இரவில் கூடவே கண்காணிக்க ஒரு மாலுமி. கப்பல் தன் திசையைத் தானே பிடித்துக்கொள்கிறது. பசிபிக்கைக் கடக்கும் பதினைந்து நாளில் பலர் புத்தகம் படித்து முடிக்கிறார்கள்.

துறைமுகம் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. நங்கூரமிடவும், கயிறு கட்டவும் அவிழ்க்கவும் எல்லா ஆபீசர்களும் எழுந்து நிற்க வேண்டும். சீஃப் ஆபீசர் சரக்கேற்றத்தைக் கவனிக்க வேண்டும்; கப்பல் வளையாமல், சாயாமல் எந்த அறையில் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும்; கப்பலின் சமநிலைக்கான பாலாஸ்ட் தண்ணீரை ஏற்றி இறக்க வேண்டும். நடுவில் சோதனை அதிகாரிகள், குடியேற்றத் துறை, எரிபொருள் படகு, மளிகைச் சாமான், ஊருக்குப் போகும் ஆள், புதிதாக வரும் ஆள். முன்பு இதே வேலைகள் பத்து நாளில் பரவிக் கிடந்தன. 1956 ஏப்ரல் 26-ல் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 சரக்குப் பெட்டகங்களோடு (கன்டெய்னர்) நியூவர்க்கிலிருந்து புறப்பட்ட பிறகு உலகம் மாறியது, நாள்கள் மணிகளாயின. பழைய லைனர் நிறுவனங்கள் சிலவற்றில், கப்பல் சொந்தத் துறைமுகத்தில் நிற்கையில் கரையிலிருந்து மாற்று ஆபீசர்கள் வந்து காவல் ஏற்பார்கள். கடலோடி வந்தவர்கள் வீட்டுக்குப் போவார்கள். நேரம் சுருங்கியதும் அந்த வழக்கமும் சுருங்கியது. பத்து நாள் வேலை ஒன்றரை நாளில் அடைபட்டது. செய்யும் கைகளோ பாதியாயின. ஒவ்வொரு கப்பலுக்கும் இத்தனை பேர் குறைந்தது வேண்டும் என்று கொடி நாடு தரும் சான்றிதழ் ஒன்று உண்டு. துறைமுக வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்லத்தான் செய்கிறது. நடைமுறையில் அந்த எண் கப்பலைக் கடலில் ஓட்டுவதற்குப் போட்ட எண்ணாகவே நிற்கிறது.

2010 ஏப்ரல் 3. ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்தில் ஏறத்தாழ 68,000 டன் நிலக்கரி ஏற்றிய சீனக் கப்பல் 'ஷென் நெங் 1' காலை பதினொரு மணி அளவில் புறப்பட்டது. மாலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பெரும் பவளத்திட்டின் டக்ளஸ் மணல்மேட்டில் ஏறியது. நல்ல வெளிச்சம். வாட்ச்சில் சீஃப் ஆபீசர். திரும்ப வேண்டிய இடம் தாண்டிப் போனதை அவர் கவனிக்கவில்லை. அந்த ஆள் அதற்கு முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம். சரக்கேற்றத்தில் நின்றிருந்தார். கப்பலில் இருபத்துமூன்று பேர். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. உரிமையாளர் கடைசியில் 3 கோடியே 93 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார். அந்தப் பணத்தில் எத்தனை ஆண்டுக்குக் கூடுதலாக ஓர் ஆபீசரை வைத்திருக்கலாம் என்று வாசகரே வகுத்துப் பார்க்கலாம்.

வால்டீஸ் மூன்று மணி நேரம், கிளாட்ஸ்டன் ஆறு மணி நேரம். இரண்டுமே துறைமுகக் களைப்பைச் சுமந்துகொண்டு கடலுக்கு வந்த கப்பல்கள்.

சிறிய கப்பல்களில் இந்த நிலை நிரந்தரம். ஐரோப்பியக் கரையோரம் ஓடும் பல சிறு சரக்குக் கப்பல்களில் கேப்டனும் அவருக்குத் துணையான ஆபீசர் ஒருவரும் (மேட்) மட்டுமே ஆறு மணி நேரம் மாற்றி ஆறு மணி நேரம் நிற்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு துறைமுகம், சில சமயம் அதற்கும் மேல். 1997 மார்ச் 26 அதிகாலை 'சிட்டா' என்ற பெட்டகக் கப்பல் நேராகப் போய்ச் சில்லி தீவுகளில் மோதியது. பிரிட்ஜில் தனியாக இருந்த மேட் தூங்கிவிட்டார். தூங்கினால் எழுப்ப வேண்டிய கருவி அணைக்கப்பட்டிருந்தது. 'லாசன்' போன அதே தீவுகள், தொண்ணூறு ஆண்டு கழித்து. அன்று புயல், இன்று தூக்கம். கரை ஒதுங்கிய பெட்டகங்களிலிருந்து காலணியும் உடையும் அள்ளிய தீவுவாசிகளுக்கு அது திருவிழாவாக இருந்தது என்பது வேறு விஷயம்.

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 1994 முதல் 2003 வரையிலான 66 விபத்துகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட அறிக்கை, தரைதட்டிய சம்பவங்களில் மூன்றில் ஒரு பங்கில் இரவில் பிரிட்ஜில் தனியாக நின்ற களைத்த ஆபீசரைக் கண்டது. உலகம் கண்டுபிடித்த தீர்வு என்ன? எழுப்பும் கருவியைக் கட்டாயமாக்கியது. 2011 முதல் படிப்படியாகப் பெரும்பாலான கப்பல்களுக்கு வந்தது. மூன்று முதல் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆபீசர் தான் விழித்திருப்பதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் விளக்கு மின்னும், பிறகு பிரிட்ஜில் மணி அடிக்கும், அதன் பிறகு கேப்டன் அறையில் அடிக்கும். கடலைக் காவல் காக்க மனிதன். மனிதனைக் காவல் காக்க மணி. பயனுள்ள கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது ஆளின் சம்பளத்துக்குப் பதிலாக வாங்கிய பெட்டி அது.

ஓய்வு விதிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நாடுகள் இரண்டு கணக்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. ஒன்று, வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர வேலை. மற்றது, வாரத்துக்குக் குறைந்தபட்சம் 77 மணி நேர ஓய்வு. வாரத்தின் 168 மணியிலிருந்து 77-ஐக் கழித்தால் 91. ஒரே பிரிவில், ஒரே மாலுமிக்கு, 72-ம் சட்டப்படி சரி, 91-ம் சட்டப்படி சரி. ஆறு-ஆறு முறையில் வாரத்துக்கு 84 மணி நேர வேலை. முதல் கணக்கில் குற்றம், இரண்டாவதில் நியாயம். அதிலும் ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று விதி. ஆறு மணி நேர விடுப்பில் இருப்பவர் பொறுப்பேற்கக் கால் மணி நேரம் முன்னதாக மேலே ஏறினாலே விதி உடைந்துவிடும். ஆனால் பதிவேட்டில் உடைவதில்லை. ஓய்வுநேரப் பதிவேடுகள் எப்படி விதிக்கு ஏற்றபடி 'சரிசெய்யப்படுகின்றன' என்று ஸ்வீடனின் மால்மோவிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020-ல் ஓர் ஆய்வே வெளியிட்டது. சோதனைக்கு வருபவர் பார்ப்பது காகிதம். காகிதம் ஓய்வாகத்தான் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆள் குறையக் குறையக் கப்பல்கள் மூழ்குவது கூடவில்லை, குறைந்தது. 1990-களில் ஆண்டுக்கு இருநூறுக்கு மேல் பெரிய கப்பல்கள் முற்றாக அழிந்தன. 2023-ல் 26 என்று அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. கட்டுமானம், ரேடார், செயற்கைக்கோள், பயிற்சி எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. எனவே 'அந்தக் காலத்தில் நாற்பது பேர் இருந்தார்கள்' என்று ஏங்குவதில் பொருளில்லை. அந்த நாற்பதில் பலர் செய்த வேலையை எந்த மனிதனும் மறுபடி செய்யக் கூடாது. இருபதை நாற்பதாக்க நான் கேட்கவில்லை.

கேட்பது சிறியது. பயணம் தொடங்கும் முதல் வாட்ச்சில் நிற்பவர்கள் 'போதிய ஓய்வு' பெற்றிருக்க வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது. போதிய என்றால் எத்தனை மணி என்று அந்த வரியில் எழுதவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் எழுதியிருக்கிறது: துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது வாட்ச் ஏற்கும் ஆபீசர், அதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரமாவது வேலையற்று இருந்திருக்க வேண்டும். இந்த ஒரு வரி உலகச் சட்டத்தில் ஏற வேண்டும். ஏறினால் மட்டும் போதாது. அந்த ஆறு மணி நேரம் வேலையை யார் பார்ப்பது என்பதற்கும் ஆள் வேண்டும். அது கரையிலிருந்து ஏறும் ஆபீசராக இருக்கலாம், கப்பலிலேயே நான்காவதாக ஓர் ஆபீசராக இருக்கலாம். எக்ஸான் வால்டீஸ் அமெரிக்கக் கொடி பறந்த கப்பல்தான். அந்த ஆறு மணி நேரச் சட்டம் அன்று அதற்கும் பொருந்தியது.